தக்கைப்பூண்டு வளர்ப்போருக்குச் சில தற்காப்பு யோசனைகள்

பசுந்தாள் உரம் பற்றிய கையேடுகளில் பூச்சி, நோய் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. தக்கைப்பூண்டைப் பூச்சி தின்றால்தான் என்ன? தின்றது போக மிச்சத்தை மண்ணுக்குள் மடக்கப் போகிறோம். பூச்சியும் சேர்ந்து உரமாகட்டும். ஆனால் மனிதர்களைப் பற்றி எந்தக் கையேட்டிலும் ஒரு வரி கிடையாது. வீட்டைச் சுற்றி நூறு சதுர அடி மண் வைத்துக்கொண்டு அதில் பசுந்தாள் உரம் போட நினைப்பவருக்கு உண்மையான சேதம் வருவது வாழ்க்கைத்துணை, தாயார், மைத்துனர், பக்கத்து வீடு, குடியிருப்போர் சங்கம், ஊரிலிருந்து வந்திறங்கும் பெரியப்பா ஆகியோரால்தான். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வழிகாட்டி.

சமாச்சாரம் என்னவோ எளிமையானதுதான். பயறுக் குடும்பத்துச் செடி ஒன்றை அடர்த்தியாக விதைக்க வேண்டும். அது வளர்ந்து பூவெடுக்கும் நேரத்தில் வெட்டி, அதே மண்ணில் புதைக்க வேண்டும். மட்கட்டும் என்று இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு, அப்புறம் கத்தரியோ வெண்டையோ நடலாம். அவ்வளவுதான். வயலில் உழவர்கள் செய்வதும் இதுதான், வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும் இதுதான். பூத்ததை யாரும் பறிப்பதில்லை. காய்ப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. இதைத்தான் நம் குடும்பங்களால் தாங்கிக்கொள்ள முடியாது. அரிசி களைந்த தண்ணீரைக்கூட வீணாக்காமல் கறிவேப்பிலைக்கு விடும் பரம்பரை நம்முடையது. எதுவுமே கொடுக்காத ஒரு செடியை ஒன்றரை மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு வெட்டிப் புதைக்கப் போகிறேன் என்று சொல்பவரை அந்தப் பரம்பரை எப்படிப் பார்க்கும்?

முதல் வேலை, மண்ணைப் பார்ப்பது. மண்வெட்டியை எடுத்து ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். புறநகரில் வீடு வாங்கியவர் என்றால் மேலிருந்து கீழாக வரிசையாகக் கிடைக்கும். மேலே இரண்டு அங்குலம் செம்மண்; கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் நர்சரிக்காரர் தூவிவிட்டுப் போனது. அதன் கீழே சவுடு. அதற்கும் கீழே உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, கெட்டிப்பட்ட சிமென்ட், பிவிசி குழாயின் நுனி, கொத்தனாரின் ஒற்றைச் செருப்பு. கீழடியில்கூட அடுக்குகள் இவ்வளவு தெளிவாக வராது. தோட்ட மண் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தது, கட்டடம் கட்டியவர் இடிபாட்டை ஏற்றிப்போகும் லாரி வாடகையை மிச்சம் பிடித்ததன் விளைவு. சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்து கலந்து மண் காரத்தன்மைக்குப் போயிருக்கும். நூறு செடிகளை விட்டுவிட்டுத் தக்கைப்பூண்டைச் சொல்வதற்கு இதுவே காரணம். களர் நிலத்தைத் தேற்றுவதற்கு உழவர்கள் அதைத்தான் விதைக்கிறார்கள். உப்பைத் தாங்கும், தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்கும், தண்ணீரே இல்லாவிட்டாலும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளுக்கு அந்தக் காலத்தில் சொன்ன இலக்கணம் அத்தனையும் இதற்குப் பொருந்தும். கடைசியில் நடப்பதும் ஏறத்தாழ அதேதான்.

சணப்பையும் நல்லதே. வேகமாக வளரும், கயிறு திரிக்க நார் கொடுக்கும் செடி. ஆனால் தண்ணீர் தேங்கினால் ஆகாது. போதாக்குறைக்குப் பளீரென்ற மஞ்சளில் பூக்கும். பூ அழகாக இருப்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று பின்னால் பார்ப்போம். கொளுஞ்சி வறண்ட இடத்துக்கானது. ஆடுமாடு அவ்வளவாக வாய் வைக்காது என்பது அதன் பெருமை. விதையில் மெழுகுப் பூச்சோடு கெட்டித் தோல் இருக்கும். மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, சுடுநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்தோ விதைக்க வேண்டும். விதையை அடுப்பில் கொதிக்கும் தண்ணீருக்குள் போடுவதை வீட்டில் யாரும் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளே பேர் கெட்டுப்போனால் பிறகு நிமிர முடியாது.

தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு எல்லாமே மண்ணுக்கு நல்லது செய்பவைதான். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் இவற்றைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சாப்பிடக்கூடிய ஒன்றை வெட்டிப் புதைக்கும் மனவலிமை நம்மில் யாருக்கும் கிடையாது. பிஞ்சு விட்டதும் “ஒரு பொரியலுக்கு ஆகட்டுமே” என்பார்கள். பொரியல் ஆனதும் “விதைக்குக் கொஞ்சம் முத்தட்டும்” என்பார்கள். காய் முற்ற முற்ற, இலையிலும் தண்டிலும் இருந்த தழைச்சத்து விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணுக்கு மிஞ்சுவது விறகு. வீட்டுக்குத் தட்டைப்பயறு கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அதற்குப் பெயர் பசுந்தாள் உரம் இல்லை, விவசாயம்.

இனி விதை வாங்கப் போகலாம். கணக்கு இதுதான்: தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ. ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. உங்களிடம் இருப்பது 100. வகுத்துப் பார்த்தால் 46 கிராம் வரும்; 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கோடு விதைக்கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, “எத்தனை ஏக்கர் சார்?” என்பதுதான். இதற்கு உண்மையான பதில் “கால் சென்ட்டுக்கும் கொஞ்சம் கம்மி”. அதைச் சொல்லாதீர்கள். சொன்னால் மூட்டையை அவிழ்க்க மாட்டார். “இப்போதைக்குச் சோதனைக்கு ஒரு கிலோ கொடுங்க, பார்த்துட்டு மத்த எடத்துக்கு வாங்கிக்கலாம்” என்று, மத்த எடம் எங்கோ இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். 2024இல் தமிழக அரசு ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று ஒரு திட்டம் அறிவித்துப் பசுந்தாள் உர விதையை மானியத்தில் கொடுக்கத் தொடங்கியது. அதைக் கேள்விப்பட்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் நிற்க வேண்டாம். அது உழவர்களுக்கானது. நில ஆவணம் கேட்டால் உங்களால் நீட்ட முடிந்தது வீட்டுக்கடன் பாஸ்புக் மட்டுமே.

கடைக்கே போக வேண்டாம், சமையலறையிலிருந்தே விதைக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பல தானிய விதைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள். கோ. நம்மாழ்வார் மேடைக்கு மேடை சொன்ன முறை அது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் செடி, மசாலாப் பொருள் என்று வகைக்கு நான்காகக் கலந்து விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது. கெட்டுப்போன நிலத்தைத் தேற்ற அருமையான வழி. சோளம், கம்பு, எள், ஆமணக்கு, கடுகு, வெந்தயம் எல்லாம் அடக்கம். ஆனால் இதை வீட்டில் இறங்கிச் செய்யும்போது, வண்டு விழுந்த டப்பாவையெல்லாம் கொண்டுவந்து கொட்டிவிடுகிறார்கள். துவரம் பருப்பு முளைக்காது. அது உடைத்த பருப்பு. பொட்டுக்கடலை வறுத்தது. ரவை என்ன செய்தாலும் ரவைதான். முழுப்பயறும் முழுத் தானியமும் மட்டுமே முளைக்கும். கொத்தமல்லியை மட்டும் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடலாம், அதற்குள் இருப்பது இரண்டு விதை. இந்த வித்தியாசங்களையெல்லாம் மாமியாரிடம் விளக்கி, டப்பாக்களைத் திரும்பக் கொண்டுபோய் அடுக்குவதற்குள் ஆடி முடிந்துவிடும். தக்கைப்பூண்டே போதும்.

விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, மண்ணைக் கொத்தி, தூவி, மேலாகக் கிளறிவிடுங்கள். ஒரு மழை கிடைத்த பிறகு செய்தால் நல்லது. சின்ன விதை; ஆழமாகப் புதைத்தால் மேலே வரச் சிரமப்படும். மாடப்புறா இருக்கும் பேட்டையானால் முளைக்கும்வரை ஒரு பழைய கொசுவலையைப் போர்த்திவையுங்கள். முளைப்பதில் ஒரு பிரச்சினையும் வராது. பிரச்சினை முளைத்த பிறகு.

மூன்றாவது வாரத்தில் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். அப்போது பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் வந்து நின்று கேட்பார்: “இது என்ன செடிங்க? என்ன காய்க்கும்?” உலகத்தில் இதைவிடக் கடினமான கேள்வி பசுந்தாள் உரக்காரருக்கு இல்லை. “எதுவும் காய்க்காதுங்க, வெட்டிப் புதைக்கத்தான்” என்று சொன்னால் அவர் உள்ளே போய்த் தன் கணவரிடம் சொல்வார். அவர் வாட்ச்மேனிடம் சொல்வார். சாயங்காலம் உங்கள் வீட்டைக் கடக்கும் நடைப்பயிற்சிக் குழு கொஞ்சம் மெதுவாகக் கடக்கும். “மூலிகைங்க” என்று சொல்லிவிடுவது புத்திசாலித்தனமாகத் தெரியலாம். தயவுசெய்து வேண்டாம். எதற்கு மூலிகை என்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததை, சர்க்கரைக்கு என்று சொல்வீர்கள். மறுநாள் காலை உங்களுடைய தழைச்சத்து ஏழு வீட்டு மிக்ஸியில் ஓடிக்கொண்டிருக்கும். நான் சிபாரிசு செய்யும் பதில், “அகத்தி ஜாதிங்க” என்பது. தாவரவியல்படி இது பொய்யும் இல்லை. அகத்தியும் தக்கைப்பூண்டும் செஸ்பேனியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அகத்தி என்றதும் தமிழ் மனம் திருப்தியடைந்து, அமாவாசை, பசுமாடு, கீரை என்று வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஐந்தாவது வாரம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் வரும். “சிலர் தங்கள் வளாகத்தைப் புதராக வைத்திருப்பதால் பாம்பு, கொசு” என்று ஆரம்பிக்கும் செய்தியோடு, உங்கள் காம்பவுண்டு சுவர் தெளிவாகத் தெரியும்படி. பெயர் போட மாட்டார்கள், அது நாகரிகம். கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகிறது, தண்டில் இல்லை என்று பதில் எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு, “பத்து நாளில் சுத்தம் செய்யப்படும்” என்று எழுதுங்கள். எப்படியும் அறுக்கத்தானே போகிறீர்கள்? சங்கம் தன் எச்சரிக்கையால்தான் அது நடந்தது என்று நினைத்துக்கொள்ளும். ஒரே செயலால் மண்ணுக்கும் செயலாளருக்கும் ஊட்டம் கொடுத்த புண்ணியம் உங்களுக்கு.

இந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து பெரியப்பா வருவார். அவர் உண்மையிலேயே விஷயம் தெரிந்தவர் என்பதுதான் இதில் சங்கடம். வேப்பந்தழை, புங்கந்தழை, ஆவாரை, கொளுஞ்சி என்று வண்டி வண்டியாக வெட்டிக்கொண்டு வந்து சேற்றில் போட்டுத் தழை மிதித்த தலைமுறை. முட்டியளவுச் சேற்றில் வரிசையாக நின்று மிதித்தது, காலில் முள் ஏறியது, மூன்றாம் நாள் வயலிலிருந்து எழும்பிய நாற்றம் எல்லாவற்றையும் வாசற்படியில் உட்கார்ந்து ரசித்துச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரையில் உள்ளதைவிட அதிகம் தெரியவரும். “இப்ப என்ன பெரியப்பா போடுறீங்க?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “யூரியாதான். ஆளு எங்க கெடைக்குது?” என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. நூறு சதுர அடிக்காரர் அதற்கு எதிர்வாதம் பேசுவது அழகல்ல.

போகிறபோக்கில் வள்ளுவரையும் இழுப்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் கவனம் தேவை. உழவு அதிகாரத்தில் ஒரு குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறது. அதற்கு அடுத்த குறளே, உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறது. ஆகவே உங்களை எதிர்ப்பவருக்கும் ஆதரிப்பவருக்கும் அடுத்தடுத்து இரண்டு வரிப் பிரமாணம் தயாராக இருக்கிறது. எதிராளி எதை எடுக்கிறாரோ நீங்கள் மற்றதை எடுங்கள். அதிகாரத்தை முழுதாகப் படித்தவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். இருந்தால் அவர் அந்த இரண்டையும் சேர்த்தேதான் செய்ய வேண்டும் என்பார். அவரை ஒதுக்கிவிடலாம், விவாதத்துக்கு அவரால் பிரயோஜனமில்லை.

மிக ஆபத்தானவர், வங்கியில் வேலை பார்க்கும் மைத்துனர். அவர் உணர்ச்சிவசப்பட மாட்டார். கால்குலேட்டரை எடுப்பார். “மாமா, நல்லா வந்தா இதுல இருபது கிலோ பச்சைத் தழை கிடைக்குமா? அதுல தழைச்சத்து அரை சதவீதத்தை ஒட்டி இருக்குமா? அப்போ நூறு கிராம். யூரியாவுல 46 சதவீதம். கால் கிலோகூட வேண்டாம். மானிய விலைல 45 கிலோ மூட்டையே முன்னூறு ரூபாய்க்குள்ள. ஆக, நீங்க ஒன்றரை மாசம் பாடுபட்டுச் சேர்த்தது…” என்று நிறுத்தி, உங்கள் முகத்தைப் பார்த்து, “ஒன்றரை ரூபாய்” என்பார்.

அவர் கணக்கு சரிதான், மறுக்காதீர்கள். மறுக்க வேண்டியது அவர் கணக்கில் சேர்க்காததை. கால் கிலோ யூரியா மண்ணுக்குத் தழைச்சத்தை மட்டுமே கொடுக்கும், அதிலும் ஒரு பங்கு காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். இருபது கிலோ தழை மட்கும்போது மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், மண்புழுவுக்குச் சாப்பாடு போடும். வேர் இறங்கிப்போன வழியெல்லாம் தண்ணீரும் காற்றும் போகும். உங்கள் மண்ணில் சத்துக் குறைவு என்பது இரண்டாவது வியாதி. முதல் வியாதி, அது மண்ணே இல்லை என்பது. யூரியாவால் செங்கல் ஜல்லியை மண்ணாக்க முடியாது. இதற்கு மேல் அவர் “அப்போ ரெண்டு மூட்டை மண்புழு உரம் வாங்கிப் போடலாமே?” என்பார். போடலாம். அப்படியானால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதையும் தாண்டி நின்றால் அறிவியலை அவிழ்த்துவிடுங்கள். நம் தலைக்கு மேலே உள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதாவது தழைச்சத்துதான். செடிகளால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொழிற்சாலைகள் அதை அம்மோனியாவாக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேண்டும். அந்த ஹேபர்-பாஷ் முறை 1913இல் ஜெர்மனியில் தொழிற்சாலை அளவில் தொடங்கியது. அதே காரியத்தை ரைசோபியம் என்ற பாக்டீரியா உங்கள் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சாதாரண வெப்பத்தில், செடியிடம் கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கொண்டு வேரில் உள்ள முடிச்சுகளுக்குள் இருந்தபடி செய்துமுடிக்கிறது. பயறு வகைகளின் வேர் முடிச்சில் இந்தச் சூட்சுமம் இருப்பதை ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் 1886இல் அறிவித்தார். பயறு போட்ட நிலம் தேறும் என்பது நம்மூர் உழவர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். காரணம் கேட்டுக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. மணிலா அகத்தி என்று இன்னொரு வகை உண்டு, அதற்குத் தண்டிலேயே முடிச்சு போடும். அதைக் காட்டினால் பக்கத்து வீட்டு அக்கா செடிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கொண்டுவந்துவிடுவார்.

ஒரு செடியைப் பக்குவமாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகளவும் அதற்குக் கொஞ்சம் பெரிதுமாக முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அது நம் ரத்தச் சிவப்புக்கு நெருங்கிய உறவுள்ள ஒரு புரதத்தின் நிறம். முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறது. அப்படியிருந்தால் அடுத்த முறை விதையோடு ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.

இனி வெட்டும் நாள். இதற்காகத்தான் இவ்வளவு பீடிகை.

விதைத்து ஏறத்தாழ 45ஆம் நாள், முதல் பூக்கள் தலைகாட்டும்போது வெட்டிவிட வேண்டும். அதற்கு முன்னால் என்றால் தழை குறைவு. தள்ளிப்போட்டால் தண்டு நார் பிடித்து விறகாகும். விறகை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதற்கான தழைச்சத்தை மண்ணிலிருந்தே கடன் வாங்கும். அடுத்து நடும் கத்தரி வெளுத்துப்போய் நிற்கும். நாள் தப்பக்கூடாது. ஆனால் நாள் தப்புவதற்கான ஏற்பாடுகள் அத்தனையும் வீட்டில் தயாராக இருக்கும். அந்தச் செடி அப்போது ஆளுயரத்தில், அந்த இடத்தில் அதுவரை யாரும் பார்த்திராத பச்சையில் நிற்கும். மஞ்சள் பூவில் தேனீ வரும். பிள்ளையின் பள்ளி புராஜெக்ட்டில் அதன் படம் ஒட்டியிருக்கும். புதர், பாம்பு என்றவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அரிவாளோடு வெளியே வரும்போது அம்மா சொல்வார்: “பூவும் பிஞ்சுமா நிக்கிறதப் போய் வெட்டுவாங்களா? கை எப்படிடா வருது உனக்கு?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்காதீர்கள், பதில் கிடையாது. நாளைக்கு என்று ஒத்திவைக்கவும் கூடாது. நாளை செவ்வாய், பிறகு வெள்ளி, இடையில் அஷ்டமி, நவமி, அமாவாசை, யாருக்கோ ஜென்ம நட்சத்திரம் என்று தினசரிக் காலண்டர் பக்கம் பக்கமாகத் தடை போடும். அதற்குள் காய் முற்றிவிடும். ஆகவே நாளை முன்கூட்டியே குறித்துவைத்து, மாலைத் தொடரில் கல்யாணக் காட்சி ஓடும்போது இறங்குங்கள். தொடர்களில் ஒரு தாலி ஏற ஒரு வாரம் ஆகும், அவசரப்பட வேண்டியதில்லை. தரையை ஒட்டி அறுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம், அது உள்ளேயே இருக்கட்டும், பாதி வேலை அதில்தான் நடந்திருக்கிறது. தண்டை அரையடித் துண்டுகளாக நறுக்கிப் பரப்பி, மண்வெட்டியால் கொத்தி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்றால் கலக்கவே வேண்டாம். மேலேயே மூடாக்காகப் போட்டு, மேலே கொஞ்சம் மண்ணும் சாணக் கரைசலும் தெளித்து விட்டுவிடலாம். தழைச்சத்து சற்றுக் குறையும், மட்க நாளாகும். வெயில் மண்ணைத் தொடாமல் இருப்பது அதற்கு ஈடு. இந்த வேலையைப் பெரியப்பா ஊருக்குப் போவதற்கு முன் செய்தால் அரிவாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் முடித்துத் தருவார். தொடர் பார்ப்பவர்களில் அவரும் ஒருவர் என்றால் கஷ்டம்.

பிறகு ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் சும்மா இருக்க வேண்டும். நம்மவர்களால் வெட்டாமலும் இருக்க முடியாது, வெட்டிய பிறகு சும்மாவும் இருக்க முடியாது. மறுநாளே நாற்று வாங்கிவந்து ஊன்றுவார்கள். பச்சைத் தழை மட்கும்போது சூடு எழும்பும், மண்ணிலுள்ள காற்றை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும். இளம் வேர் வதங்கிவிடும். கிளறினால் தழை அடையாளம் தெரியாமல் கறுத்துப்போய், மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தால் நடலாம். புளித்த நாற்றம் வந்தால் தண்ணீரைக் குறைத்து இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

நூறு சதுர அடியும் இல்லை, சங்கத்தோடு மல்லுக்கட்டவும் தெம்பில்லை என்பவர்களுக்குத் தெருவே கதி. வெளியிலிருந்து தழை கொண்டுவந்து போடுவதற்குப் பசுந்தழை உரம் என்று பெயர். நகரத் தெருக்களில் புங்கமும் வேம்பும் உதிர்க்கும் இலைகளை நாம் காசு கொடுத்து ஆள் வைத்துக் கூட்டி வெளியே தள்ளுகிறோம், அல்லது போகியன்று வீட்டு வாசலில் கொளுத்துகிறோம். பிறகு தை மாதம் முழுக்கப் பிளாஸ்டிக் பையில் அடைத்த இலைமட்கு உரம் எங்கே மலிவு என்று விசாரிக்கிறோம். விடியற்காலையில் ஒரு சாக்கோடு போனால் பெருக்கிக் குவித்த இலை வேண்டிய மட்டும் கிடைக்கும். பார்ப்பவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். டிராக் பேன்ட்டும் காதில் ஹெட்போனும் அணிந்துகொள்ளுங்கள். உடற்பயிற்சி என்று நினைப்பார்கள். வேலியில் இடமிருந்தால் கிளைரிசிடியா போத்து நான்கை நட்டுவிடலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும், தழை சீக்கிரம் மட்கும், அதற்குக் காய் எதிர்பார்ப்பவர் யாருமில்லை.

காய்ந்த சருகு மட்டும் என்றால் தாமதமாகும். பச்சையும் காய்ந்ததும் கலந்து போடுங்கள். மரத்தூளை மண்ணில் கலக்காதீர்கள், அது தழைச்சத்தைக் கடன் வாங்கிவிட்டு நெடுநாள் திருப்பித் தராது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால் மட்கவைக்கலாம் என்பது உண்மையே, ஆனால் அது பூக்காமல் இருக்கும் நாளைக் கண்டுபிடிப்பதற்குள் உங்களுக்கு அரிப்பு வந்துவிடும். அறுகம்புல்லையும் நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டையும் பச்சையாகப் புதைத்தால் அதற்குப் பெயர் உரமிடுதல் அல்ல, நடவு.

என்ன பலன் என்று கேட்டால் முதல் முறையிலேயே ஊர் மெச்சக் காய்க்காது. மண்வெட்டி முன்பைவிடச் சுலபமாக இறங்கும். மழை பெய்தால் தண்ணீர் வாசலுக்கு ஓடாமல் அங்கேயே இறங்கும். கிளறும் இடத்தில் மண்புழு நெளியும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் அலறுவார்கள், பெரியப்பா போனில் சந்தோஷப்படுவார். ஆடிக்கு ஆடி திரும்பச் செய்தால் கொத்தனாரின் செருப்புக்கு மேலே மண் என்று சொல்லத்தக்க ஒன்று சேரும்.

கடைசியாக ஒரு நடைமுறைப் பிரச்சினை பாக்கி இருக்கிறது. வாங்கியது ஒரு கிலோ, விதைத்தது 50 கிராம். மிச்சமுள்ள 950 கிராமைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். பச்சையும் பழுப்புமாகப் பயறு ஜாடையில் இருக்கும், என்றைக்காவது சுண்டலாகிவிடும். தாம்பூலப் பையில் மரக்கன்று வைத்துக் கொடுக்கும் காலம் இது. அடுத்து வீட்டில் வரும் விசேஷத்துக்குத் தேங்காயோடு ஆளுக்கு 50 கிராம் பொட்டலம் கட்டிப் போட்டுவிடுங்கள், பத்தொன்பது குடும்பத்துக்கு வரும். மைத்துனருக்கும் சங்கச் செயலாளருக்கும் மறக்காமல் ஒவ்வொன்று. பொட்டலத்தின் மேல் ‘சமைக்க வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே சிறிய எழுத்தில் ‘45ஆம் நாள் வெட்டவும்’ என்று எழுதுங்கள். முதல் வரியை மட்டுமே படிப்பார்கள்.